சென்னை மகளிர் டென்னிஸ்: மகளை எந்த நாட்களுக்கு அழைத்துச் செல்வது?

பத்மநாபபுரத்தார் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். வாரத்தில் நான்கு நாட்கள், பள்ளி விட்டதும் தக்கலையில் பேருந்து ஏறி நாகர்கோவிலுக்குச் சென்று, செம்மண் தரையில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாள். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவத்திலும் நனைகிற மாவட்டம் நம்முடையது. ஆகவே பல வாரங்கள் தரை காய்வதற்காகக் காத்திருப்பதிலேயே போய்விடுகின்றன. வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்குக் கீழே காய்ப்பு ஏறியிருக்கிறது. அவள் அம்மா தேங்காய் எண்ணெய் தடவ வந்தால் கையை இழுத்துக்கொள்கிறாள். தோல் இளகினால் மட்டையின் பிடி வழுக்கும் என்கிறாள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2022 இலும் 2025 இலும் மகளிர் தொழில்முறைப் போட்டி நடந்தபோது இரண்டு முறையும் எங்களால் போக முடியவில்லை. அடுத்த முறை நடக்கும்போது எப்படியாவது அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். தாம்பரத்தில் என் தங்கை வீடு இருப்பதால் தங்குவதற்குச் சிரமம் இல்லை. ஆனால் பள்ளி, என் வேலை, செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டால் இரண்டு நாட்கள், மிஞ்சினால் மூன்று நாட்கள்தான் தங்க முடியும். அவ்வளவு தூரம் போய்விட்டு இறுதிப்போட்டியைப் பார்க்காமல் திரும்புவதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவளுடைய பயிற்சியாளரோ வாரத்தின் தொடக்கத்தில் போகச் சொல்கிறார், காரணத்தை விளக்கவில்லை. தகுதிச்சுற்று, பிரதானச் சுற்று, வைல்டு கார்டு ஆகியவற்றைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேனே தவிர, அவை எப்படி அமைகின்றன என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. ஆடுகிற பிள்ளை ஒன்றுக்கு எந்த நாட்கள் அதிகப் பயன் தரும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குழித்துறை ஆசிரியை:

அண்ணாச்சி, உங்கள் பயிற்சியாளர் சொல்வதுதான் சரி. நான் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவள். இப்போது உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். என் அனுபவத்தில், ஆட்டத்தை ரசிக்க வருகிறவருக்கு இறுதிப்போட்டி உகந்தது. ஆட்டத்தைக் கற்க வருகிறவருக்குத் தகுதிச்சுற்றும் முதல் சுற்றும்தான் உகந்தவை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் நடந்த இரண்டும் டபிள்யூ.டி.ஏ. (மகளிர் டென்னிஸ் சங்கம்) 250 வகைப் போட்டிகள். ஒற்றையர் பிரதானச் சுற்றில் 32 பேர் ஆடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் தரவரிசையைக் கொண்டு நேரடியாக இடம் பெறுகிறவர்கள். சிலர், தரவரிசை போதாவிட்டாலும் நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டு மூலம் நுழைகிறவர்கள். எஞ்சிய இடங்களைத் தகுதிச்சுற்றில் வென்றவர்கள் நிரப்புவார்கள். பிரதானச் சுற்று திங்கட்கிழமை தொடங்கும் என்றால், அதற்கு முந்தைய சனியும் ஞாயிறும் தகுதிச்சுற்று நாட்கள். இரண்டு ஆட்டங்களை வென்றவர் பிரதானச் சுற்றுக்குள் வருவார். வீராங்கனைகளின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால் அவர் தரநிலை பெற்றவர் என்று பொருள். அப்படி எட்டுப் பேரை முதல் சுற்றில் ஒருவரோடு ஒருவர் மோதாதபடி பிரித்து வைப்பார்கள்.

முதல் சுற்றில் 16 ஆட்டங்கள் உண்டு, இறுதி நாளில் ஒற்றையரில் ஒரே ஓர் ஆட்டம்தான். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது நீங்கள் உட்காரும் இடம். இறுதிப்போட்டியை மைய அரங்கத்தின் படிக்கட்டில் உயரத்தில் அமர்ந்து பார்ப்பீர்கள். அங்கிருந்து பந்து எங்கே விழுகிறது என்பது தெரியும், கால் எப்படி நகர்கிறது என்பது தெரியாது. தொடக்க நாட்களில் பக்கத்து ஆடுகளங்களிலும் ஆட்டம் நடக்கும். அங்கே வேலியை ஒட்டி நின்றால் அவர்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். தொலைக்காட்சி ஒருபோதும் காட்டாதது அதுதான்.

பிள்ளையிடம் பந்தைப் பார்க்காதே என்று சொல்லுங்கள். ஒரு கேம் முழுவதும், அதாவது ஒருவரே தொடர்ந்து பந்தை முதலில் அடித்துத் தொடங்கும் பகுதி முழுவதும், ஒரே ஒரு வீராங்கனையின் கால்களை மட்டும் பார்க்கட்டும். எதிரே இருப்பவரின் மட்டை பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இவர் ஒரு சிறு துள்ளல் துள்ளி, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் பதிய நிற்பார். அந்தத் துள்ளலிலிருந்துதான் வலமோ இடமோ பாய்வார். நான் ஆறு ஆண்டுகள் ஆடிய பிறகும் என் பயிற்சியாளர் எத்தனையோ முறை சொல்லியும் எனக்குப் புரியாத அந்த ஒரு செய்கை, நுங்கம்பாக்கத்தில் 2022 இல் வேலியோரத்தில் பத்து நிமிடம் நின்றபோது புரிந்தது. அப்போது நான் ஆடுவதை விட்டுவிட்டிருந்தேன். உங்கள் மகள் 13 வயதிலேயே அதைப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் போடுகிறவர், அதாவது பந்தை முதலில் அடித்துத் தொடங்குகிறவர், மூன்று பந்துகளை வாங்கி, ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பி அனுப்புவார். அடி வாங்க வாங்கப் பந்தின் மேல் உள்ள கம்பளி உப்பிக்கொள்ளும். உப்பிய பந்து காற்றில் தடைபட்டு மெதுவாகப் போகும். ஆகவே கம்பளி அமுங்கி வழவழப்பாக இருக்கும் பந்தை முதல் சர்வீஸுக்கு எடுத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் ஏழு கேம்கள் முடிந்ததும், பிறகு ஒன்பது கேம்களுக்கு ஒரு முறையும், பந்துகளை மாற்றுவார்கள். புதுப் பந்தோடு சர்வீஸ் போடுகிறவர் அதை எதிராளிக்கு உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் போடுவார். நம் பிள்ளைகள் நாள் முழுவதும் ஒரே டப்பாவில் இருக்கும் பழைய பந்துகளில் ஆடுகிறவர்கள், இது அவர்களுக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது.

வடசேரி வாசகர்:

மேலே அக்கா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இறுதிப்போட்டியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2022 செப்டம்பரில் வங்கி வேலையாகச் சென்னையில் இருந்ததால் அரையிறுதியையும் இறுதியையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இறுதியில் ஆடியவர்கள் செக் குடியரசின் லிண்டா ஃப்ருவிர்டோவாவும் போலந்தின் மக்டா லினெட்டும். ஃப்ருவிர்டோவாவுக்கு அப்போது வயது 17 மட்டுமே. உலகத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்கு வெளியே இருந்தார். லினெட் பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவர். பொதுவாக ஆறு கேம்களை முதலில் எடுப்பவருக்கு ஒரு செட், இரண்டு செட் எடுப்பவருக்கு ஆட்டம். முதல் செட்டை லினெட் 6-4 என்று எடுத்தார், இரண்டாவதை இந்தப் பெண் 6-3 என்று எடுத்தார். மூன்றாவது செட்டில் ஃப்ருவிர்டோவா 1-4 என்று பின்தங்கியபோது என் வரிசையில் இருந்த சிலர் எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகு அவர் ஐந்து கேம்களைத் தொடர்ச்சியாக வென்று 6-4 என்று பட்டத்தைக் கைப்பற்றினார். அந்த ஒரு வாரத்தால் முதல் நூறுக்குள்ளும் வந்துவிட்டார். தோற்ற லினெட்டோ அடுத்த நான்கு மாதங்களில் ஆஸ்திரேலிய ஓபனின் அரையிறுதி வரை சென்றார்.

அந்த 1-4 க்குப் பிறகு அவர் முகத்தில் நான் கண்டதை எழுத வேண்டும். ஆட்டத்தின் வேகத்தையோ அடிக்கும் முறையையோ அவர் பெரிதாக மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் முதுகைக் காட்டி நின்று, மட்டையின் நரம்புகளை விரலால் ஒவ்வொன்றாக நேர்ப்படுத்திவிட்டு, அதன் பிறகே திரும்பினார். புள்ளியை வென்றாலும் அதே செய்கை, தோற்றாலும் அதே செய்கை. சர்வீஸ் போடுவதற்கு 25 விநாடிகள்தான் தருகிறார்கள். அந்த 25 விநாடிகளை ஒருவர் எப்படிச் செலவிடுகிறார் என்பதைத் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பார்ப்பதைவிடப் பெரிய பாடம் இல்லை. அதைப் பார்க்கவாவது பிள்ளையை இறுதிப்போட்டிக்கு அழைத்துச் செல்லலாம் என்பது என் கருத்து.

குழித்துறை ஆசிரியை:

வடசேரியார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தோற்றுக்கொண்டிருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க இறுதிநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சுற்றில் தோற்கிற 16 பேரும் பிள்ளையின் கண்முன்னேயே தோற்பார்கள். அவர்களில் தகுதிச்சுற்றில் ஆடாமல் நேரே வந்தவர்களுக்கு அந்த வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு தரவரிசைப் புள்ளி. பட்டம் வெல்பவருக்கு 250. அவ்வளவு தூரம் பறந்து வந்து ஒரு புள்ளியோடு திரும்பப் போகிற ஒருவர் கடைசி கேமை எப்படி ஆடுகிறார் என்பதை அவள் பார்க்க வேண்டும்.

அதே 2022 இல், வாரத்தின் தொடக்கத்தில், நம் நாட்டின் கர்மன் கௌர் தாண்டி பிரான்ஸின் குளோயி பாக்கேயை முதல் செட்டை இழந்த பிறகு வீழ்த்தினார். அடுத்த சுற்றில், 2014 இல் விம்பிள்டன் இறுதி வரை சென்ற யூஜனி புஷாரிடம் தோற்றார். இறுதிநாளுக்கு மட்டும் வந்தவர்கள் நம் நாட்டுப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. வைல்டு கார்டில் நுழையும் இந்தியர்கள் பெரும்பாலும் தொடக்கச் சுற்றுகளிலேயே வெளியேறிவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. ஆகவே அவர்களைப் பார்க்க விரும்புகிறவர் தொடக்கத்தில்தான் போக வேண்டும்.

பத்மநாபபுரத்தார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மகளை அருகில் உட்காரவைத்து இவற்றை வாசித்துக் காட்டினேன். பந்தின் கம்பளி பற்றிய பகுதியைக் கேட்டதும் எழுந்து போய்த் தன் பையிலிருந்த பந்துகளை எல்லாம் தரையில் கொட்டிப் பார்த்தாள். எல்லாமே ஒரே மாதிரி செம்மண் நிறத்தில் மொட்டையாக இருக்கின்றன என்றாள்.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு பயிற்சி நிறுவனத்தினர், தங்களிடம் முழுநேரமாகச் சேர்த்தால் இரண்டே ஆண்டுகளில் உலகத் தரவரிசையில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கேட்டார்கள். ஒரு பகுதியைக் கட்டிவிட்டேன். மூன்று மாதங்களில் அங்கே மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள், பிள்ளை சோர்ந்துபோனாள். நிறுத்திவிட்டோம், பணம் திரும்ப வரவில்லை. அந்தப் பணத்தைவிட, உண்மையான வழி எது என்று தெரியாமல் ஏமாந்ததுதான் எனக்கு வலிக்கிறது. 13 வயதுப் பெண் ஒருத்தி, நுங்கம்பாக்கத்தில் ஆடுகிறவர்களின் இடத்துக்குப் போவதற்கு முறையான படிகள் என்னென்ன?

கொல்லங்கோட்டுக்காரர்:

ஐயா, நான் கொல்லங்கோட்டில் பிறந்து, இப்போது கோவையில் வசிக்கிறேன். பல ஆண்டுகள் போட்டிகளில் கோட்டு நடுவராகப் பணியாற்றியிருக்கிறேன். உங்களிடம் இரண்டு ஆண்டு கணக்குச் சொன்னவர்கள் நேர்மையாகச் சொல்லவில்லை. யாராலும் தரவரிசையை வாங்கித் தர முடியாது. ஆடி வென்ற புள்ளிகளால் மட்டுமே அது கிடைக்கும்.

முதல் படி அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்து பதிவெண் பெறுவது. 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கின்றன. டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று போட்டிகள் ஏறுவரிசையில் அமைந்திருக்கின்றன. டேலண்ட் சீரிஸில் தொடங்கட்டும். சர்வதேச இளையோர் போட்டிகளில் 13 வயது நிறைந்தவர்கள் ஆடலாம். அவற்றில் கீழ்நிலையில் இருப்பவை ஜே30 போட்டிகள். மகளிர் தொழில்முறைப் போட்டிகளில் 14 வயது நிறையாதவர்கள் ஆடவே முடியாது. 14 நிறைந்த பிறகும், 18 வயது வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிகள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இளம் வயதிலேயே உடலும் மனமும் ஓய்ந்துபோன வீராங்கனைகளைக் கண்ட பிறகு, 1990களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆக, உங்கள் மகளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, விதியே அந்த அவகாசத்தைத் தருகிறது.

தொழில்முறையில் கீழ்ப்படி டபிள்யூ15. அதற்கு மேல் 35, 50, 75, 100 என்று போகும். பெயரில் உள்ள எண்தான் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளி. டபிள்யூ15 போட்டி ஒன்றில் ஒரு வாரம் முழுவதும் தோற்காமல் ஆடினால் 15 புள்ளிகள். சென்னை போன்ற 250 போட்டியில் தகுதிச்சுற்றின் இரண்டு ஆட்டங்களை வென்றாலே 18 புள்ளிகள். காலிறுதிக்குப் போனால் 54, அரையிறுதிக்கு 98, இறுதியில் தோற்றாலும் 163. இந்தப் புள்ளிகள் 52 வாரங்கள் மட்டுமே கணக்கில் இருக்கும்; அடுத்த ஆண்டு அதே வாரம் வரும்போது கழிந்துவிடும். தகுதிச்சுற்றில் ஆடுகிறவர்கள் ஏன் அவ்வளவு பதற்றத்தோடு ஆடுகிறார்கள் என்பது இந்த எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். குழித்துறை அம்மா அந்த நாட்களுக்குப் போகச் சொல்வதை நானும் முழு மனத்தோடு வழிமொழிகிறேன்.

தகுதிச்சுற்றிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் மாநிலத்துப் பெண்ணே சான்று. கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் ரேவதி, 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில், 15 வயதில், தகுதிச்சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை வந்தார். அங்கே அவரை வென்ற சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மேன்தான் பட்டத்தையும் வென்றார். அதற்கு முன்னால் பார்த்தால், 1998 ஆஸ்திரேலிய ஓபனில் பிரதானச் சுற்று ஆட்டம் ஒன்றை வென்று, 1968க்குப் பிந்தைய ஓபன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் ஒற்றையரில் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்ற நிருபமா வைத்தியநாதனும் கோவைக்காரரே. 2005 இல் ஹைதராபாத்தில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார் சானியா மிர்சா. அப்போது அவருக்கு வயது 18. பெரிய போட்டி தன் ஊருக்கே வருவது ஒரு வீராங்கனைக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அவசரப்படாமல் வருகிறவர்களும் உண்டு என்பதற்கு, 2025 நவம்பரில் சென்னையில் பட்டம் வென்ற இந்தோனேசியாவின் ஜேனிஸ் ட்ஜெனைச் சொல்ல வேண்டும். அவர் அமெரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடி, பட்டம் பெற்ற பிறகு முழுநேர ஆட்டத்துக்கு வந்தவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க ஓபனில் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து முதல் சுற்றையும் வென்றார். சென்னையில் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை ஒரு செட்டையும் இழக்காமல் வென்றார். பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாகச் சேர்க்கச் சொல்லி இனி யாராவது வந்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடசேரி வாசகர்:

நடுவர் ஐயாவின் கணக்கைப் படித்த பிறகு, முதல் தடவைக்குத் தகுதிச்சுற்றே சரி என்று எனக்கும் தோன்றுகிறது. பயணம் பற்றி ஒரு குறிப்பு: இரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகவே போட்டி நாள் அறிவிக்கப்பட்டதும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி விரைவு வண்டியில் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கடற்கரை செல்லும் புறநகர் இரயிலில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் அரங்கம் தொலைவில் இல்லை. 2025 இல் அக்டோபர் கடைசியில் தொடங்கியதால் தொடக்க நாட்களில் மழை குறுக்கிட்டு ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஐப்பசியில் நடந்தால் ஒரு நாளை மழைக்கென்று கையிருப்பாக வைத்துக்கொண்டு போங்கள். நவம்பர் 1, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளுக்கான உள்ளூர் விடுமுறை. 2025 இல் அரையிறுதி அந்த நாளில்தான் நடந்தது. அப்படி அமைந்தால் பள்ளிக்கு விடுப்பு எடுக்காமலேயே அரையிறுதியையும் பார்த்துவிடலாம்.

குழித்துறை ஆசிரியை:

ஒரு சிறு குறிப்பேடும் பேனாவும் பையில் இருக்கட்டும் அண்ணாச்சி. ஒவ்வொரு ஆட்டத்திலும், முதல் சர்வீஸ் தவறினால் போடும் இரண்டாவது சர்வீஸ் எந்தப் பக்கம் விழுந்தது என்பதை மட்டும் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். 2025 முதல் வீராங்கனைகளுக்குப் பயிற்சியாளர்கள் பக்கத்திலிருந்து யோசனை சொல்ல விதி அனுமதிக்கிறது. ஆகவே பயிற்சியாளர் அமர்ந்திருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தால், எப்போது பேசுகிறார்கள், எப்போது பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கலாம்.

பத்மநாபபுரத்தார்:

சனி, ஞாயிறு, திங்கள் என்று முடிவு செய்துவிட்டோம். திங்கட்கிழமைக்கான விடுப்புக் கடிதத்தைத் தானே எழுதுவதாக மகள் சொல்கிறாள். அகில இந்தியச் சங்கப் பதிவுக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழை இன்று பீரோவிலிருந்து தேடி எடுத்துவிட்டேன். குறிப்பேடு வாங்கியாயிற்று, முதல் பக்கத்தில் "கால்களைப் பார்" என்று எழுதிவைத்திருக்கிறாள்.